ஜன்னல் சாத்திய டிரங்க் கால்

போன மாதம் விழுப்புரத்தில் எங்கள் ஓய்வூதியர் கூட்டம் நடந்தது. பேச வந்த பையன் இப்போது எங்கள் டெலிபோன் இலாகாவில் இன்ஜினியர். தன் செல்போனை மேசைமேல் வைத்துக் காட்டி, “இதை யாரும் தொடவே வேணாம் மேடம். வேற ஏதோ நாட்டுல உக்காந்துகிட்டு ஒருத்தன் நீங்க பேசுறதை எல்லாம் கேக்கலாம்” என்றார். என் பக்கத்தில் இருந்த லைன்மேன் ஒருவர் உடனே தன் போனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். துண்டுக்குப் பயந்து ஒற்றன் ஓடிவிடுவானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

“உங்க காலத்துல இந்தத் தொந்தரவெல்லாம் இல்ல, இல்லையா மேடம்?” என்று அந்தப் பையன் என்னைக் கேட்டார்.

“இருந்துச்சுப்பா. ஆனா அப்பல்லாம் ஒட்டுக் கேக்க ஒரு ஆள் வேணும். செஞ்சியில அந்த ஆளு நான்தான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் அவர் மறுபடியும் வந்து, நிஜமா, எழுதித் தாங்களேன் என்று பிடித்துக்கொண்டார். எழுதுகிறேன். ஆனால் எது சரி எது தப்பு என்று கடைசியில் நான் ஏதாவது சொல்வேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி மெட்ராஸில். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. “நம்பர் ப்ளீஸ்” என்பதைக் கோபம் வராமல் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். முடிவில் ஒரு கை உயர்த்தி உறுதிமொழி வாங்கினார்கள். வேலையில் காதில் விழுவதை யாரிடமும், கட்டின புருஷனிடமும்கூடச் சொல்ல மாட்டேன் என்பதுதான் அது. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை என்பதால் சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

செஞ்சியில் டெலிபோன் எக்சேஞ்ச் என்றால் தபால் ஆபீசை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு போர்டு, ஒரு ஸ்டூல், ஒரு ஜன்னல். ஊரில் போன் வைத்திருந்தவர்கள் கடைத்தெரு வியாபாரிகள், டாக்டர், போலீஸ் ஸ்டேஷன், தாலுக்கா ஆபீஸ், அவ்வளவுதான். அவர்கள் அங்கே கைப்பிடியைச் சுற்றினால் இங்கே போர்டில் அவர்கள் எண்ணுக்குரிய சின்னத் தட்டு ‘டக்’கென்று கீழே விழும். நான் வயரைச் செருகி, சாவி என்று நாங்கள் சொல்லும் விசையைத் தள்ளி, என்ன வேண்டும் என்று கேட்பேன். ஊரில் எனக்கு ராஜேஸ்வரி என்ற பெயர் வழக்கொழிந்து போயிற்று. எக்சேஞ்சம்மா என்றால்தான் தெரியும்.

உள்ளூருக்குள் பேச்சு நன்றாகக் கேட்கும். வெளியூர்தான் பாடு. மெட்ராஸுக்கு டிரங்க் கால் என்றால் திண்டிவனம் வழியாகப் போக வேண்டும். போகப் போகக் குரல் இளைத்துவிடும். இங்கிருந்து மண்டிக்காரர் தொண்டை கிழியக் கத்துவார், அங்கே ஒன்றும் கேட்காது. நடுவில் இருக்கும் எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். அதனால் நான் வாங்கிச் சொல்ல வேண்டும். இவர் சொன்னதை அவருக்கு, அவர் சொன்னதை இவருக்கு.

அதற்கு ஒரு முறை உண்டு. “அவர் வருவதாகச் சொல்கிறார்” என்று இழுக்கக் கூடாது. ஒரு காலுக்கு உள்ள மூன்று நிமிஷம் ஓடிவிடும். அவராகவே ஆகி, “நான் வரேன்” என்று சொல்ல வேண்டும். கோபமாகச் சொன்னால் கோபத்தோடு, கெஞ்சினால் கெஞ்சலோடு. ஒரே காலையில் நான் கடலைக்காய் வியாபாரியாகவும், ஜாமீன் கேட்கும் வக்கீலாகவும், மருமகளை அனுப்பச் சொல்லும் மாமியாராகவும் இருந்திருக்கிறேன். “நைனா போய்ட்டாரு, உடனே கெளம்பி வா” என்று யார் யார் நைனாவுக்கோ நான் சொல்லியிருக்கிறேன்.

கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்த ஜன்னல் தபால் ஆபீஸ் முன்கட்டைப் பார்த்தது. அங்கே மணியார்டருக்கும் கார்டுக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. யார் வீட்டில் சாவு என்று கேட்டதும் வரிசையில் நிற்பவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தகவல் சொல்லிவிடுவார். பாத்திரக்கடை முதலியார் போன் பேசி முடித்துவிட்டு நேரே என் ஜன்னலுக்கு வருவார்.

“எக்சேஞ்சம்மா, நான் அவன்கிட்ட கடேசியா இன்னா வெல சொன்னேன்?”

“எனக்கு எப்டிங்க தெரியும்? நான் சொல்லக் கூடாது.”

“நீதானம்மா சொன்ன! நான் எங்க பேசுனேன்?”

அவர் கேட்டதும் நியாயம்தான்.

எனக்கு மேலதிகாரி போஸ்ட்மாஸ்டர் பஞ்சாபகேசன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், ஒல்லி. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். காலர் பொத்தானைப் போட்டுக்கொள்வார். போனில் யார் பார்க்கிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “குரல்ல தெரியும்மா, உக்காந்திருக்கறது” என்றார். உத்தரவைச் சொல்லும்போது ‘நான் சொல்கிறேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. “இப்படிச் சொல்லப்பட்டிருக்கு” என்பார். யாரால் என்று கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார்.

இனி துரைசாமி விஷயம். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசாதவர். அவர் மனைவி வேதவல்லி, மெட்ராஸில் அண்ணன் வீட்டில் அண்ணிக்குத் துணையாக இருக்கிறாள் என்பது ஊருக்குத் தெரிந்த சேதி. நிஜம் வேறு. முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் மனம் கலங்கி, ஆளைத் தெரியாமல் போய், மெட்ராஸில் மனநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? வாராவாரம் கடை சாத்தும் மத்தியான நேரத்தில் துரைசாமி மச்சானோடு பேசுவார். “இன்னிக்குச் சாப்டாளா?” என்று அவர் கேட்டதும், “அப்படியேதான் இருக்கா மாப்ள” என்று மச்சான் சொன்னதும் என் வாய் வழியாகத்தானே போயிற்று.

முதல் தடவை நான் அதை வழக்கம்போல உரக்கச் சொல்ல வாயைத் திறந்து, ஜன்னலைப் பார்த்து நிறுத்திவிட்டேன். வெளியே வரிசை நின்றது. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன்.

மறுநாள் துரைசாமி கார்டு வாங்க வந்தவர்போல ஜன்னலருகே வந்தார். “சாத்துனீங்களே, அது போதும் எக்சேஞ்சம்மா. அவ தேறி வந்துடுவா, டாக்டர் சொல்றாரு. ஆனா ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, தேறி வந்தும் பிரயோஜனம் இல்ல. சிரிச்சாலும் பைத்தியம்பாங்க, அழுதாலும் பைத்தியம்பாங்க” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அதன் பிறகு அவர் கால் வந்தால் ஜன்னலைச் சாத்துவது என் வழக்கமாகிவிட்டது.

அதுதான் வினையாகப் போயிற்று.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம் அது. செஞ்சிக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் கோட்டை மலை ராஜகிரியின் உச்சியில் விளக்குச் சைகை தெரிகிறது என்று கடைத்தெருவில் பேச்சு. அதற்குச் சில மாதம் முன்பு ஒரு வெள்ளைக்காரர் கேமராவும் அளவு நாடாவுமாக வந்து கோட்டையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். துரைசாமிக்குப் படம் எடுப்பதில் பித்து உண்டு. அவர்தான் கூடப் போய், தொண்டூர் மலையில் சமணர் படுக்கையையும் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலையும் காட்டினார். அப்போது ஊரே அந்த வெள்ளைக்காரருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது. சண்டை வந்ததும் அவர் உளவாளி ஆகிவிட்டார்.

ஒரு நாள் காலை போஸ்ட்மாஸ்டர் என் அறைக்கு வந்தார். காலர் பொத்தான் போட்டிருந்தது. அவர் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி என்றார் போஸ்ட்மாஸ்டர். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை.

வந்தவர் ஜன்னல் கதவை ஆட்டிப் பார்த்தார். “இதைத்தானே சாத்துவே?”

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

“ஊர்லேருந்து தகவல் வந்திருக்கு. எல்லாரும் பேசுறப்ப ஜன்னல் தொறந்திருக்கு. மருந்துக்கடைக்காரன் பேசுறப்ப மட்டும் சாத்தியிருக்கு. மெட்ராஸ்ல ஒரே நம்பர், வாரா வாரம். வெள்ளைக்காரனுக்குக் கோட்டையைக் காட்டுனவன் வேற. அவன் என்ன பேசுறான்?”

ஆக, கோட்டையைக் காட்டியது அவ்வளவு பெரிய குற்றமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசியதுதான் குற்றம். சாத்தியது நான். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து நானே அவர் கழுத்தில் கயிற்றை மாட்டியிருக்கிறேன்.

“சார், நான் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேரும்போது உறுதிமொழி கொடுத்திருக்கேன்.”

“யாருக்குக் கொடுத்தே?”

“சர்க்காருக்கு.”

“சர்க்கார்தான் இப்ப வந்து கேக்குது. சொல்லு.”

யாரிடமும் சொல்லாதே என்று வாங்கிக்கொண்டவர்களே சொல் என்கிறார்கள். நான் வாக்குக் கொடுத்தது சர்க்காருக்கா, பேசுகிறவர்களுக்கா? சொன்னால் துரைசாமி உளவாளி இல்லை என்று ஆகிவிடும், பிழைத்துக்கொள்வார். ஆனால் அந்தப் பெண்ணின் சேதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும், அங்கிருந்து கடைத்தெருவுக்குப் போக டிரங்க் கால் தேவையில்லை. சொல்லாவிட்டால் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இரண்டும் அவளுக்குத்தான் அடி. போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

“நீ சொல்ல வேணாம். நானே கேட்டுக்கறேன்” என்று அந்த அதிகாரி இன்னொரு காதுக் கருவியைப் போர்டில் மாட்டச் சொன்னார். “எதையும் மாத்தாதே. எப்பவும்போல சாத்து, எப்பவும்போல பேசு.”

மத்தியானம் துரைசாமியின் தட்டு விழுந்தது. வயரைச் செருகினேன். “மெட்ராஸ் போட்டுக் குடுங்க எக்சேஞ்சம்மா” என்றார், எப்போதும்போல. ஜன்னல் சாத்தியிருந்தது. அந்தப் புறாக்கூட்டில் மூன்று பேர். அதிகாரி என் பக்கத்தில் நாற்காலி போட்டு, காதில் கருவியோடு. போஸ்ட்மாஸ்டர் கதவோரம் நின்றுகொண்டு. வியர்வை ஊற்றியது.

லைன் கிடைத்தது. மச்சான் எடுப்பார் என்று பார்த்தால், ஒரு பெண் குரல்.

“நான்தாங்க.”

வேதவல்லி. அத்தனை மாதத்தில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. அவர் போனருகே வந்ததே அன்றுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. துரைசாமிக்கு அது கேட்கவில்லை. ஒருவர் நடுவில் கேட்டாலே குரல் கொஞ்சம் இறங்கும், இன்று இரண்டு பேர் கேட்கிறோம். எப்போதையும்விட மோசம்.

“எக்சேஞ்சம்மா, ஒண்ணும் கேக்கல. யாரு அது? இன்னா சொல்றாங்க?”

அந்தப் பெண் மேலே பேசினார். மெல்லிய குரல். “எனக்கு இப்ப பரவால்ல. வீட்டுக்கு வரட்டுமா? எனக்கு இப்டி ஆனது ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சா?”

அதிகாரி காதில் அது விழுந்தது. அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. போஸ்ட்மாஸ்டர் காதில் ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறந்தால் அவருக்கும் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பதிலாகப் போவது வெறும் இரைச்சல். மாதக்கணக்கில் ஆளைத் தெரியாமல் கிடந்தவள் முதன்முதலாகக் கேட்கிறாள்.

“எனக்கு இப்ப பரவால்ல” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “வீட்டுக்கு வரட்டுமா? எனக்கு இப்டி ஆனது ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சா?”

துரைசாமிக்கு யார் என்று புரிந்தது. மூச்சு வாங்கியது. அப்புறம் சொன்னார். “யாருக்கும் தெரியாது வேதா. ஒருத்தருக்கும் தெரியாது. நீ வா.”

“கேக்கலையே” என்றது அந்தப் பக்கம்.

முறைப்படி நான் சொல்ல வேண்டும். எனக்கு இடது பக்கம் மெட்ராஸ் அதிகாரி, பின்னால் போஸ்ட்மாஸ்டர், நடுவில் நான். மூன்று பேருக்குத் தெரியும். அவர்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னேன். “யாருக்கும் தெரியாது வேதா. ஒருத்தருக்கும் தெரியாது. நீ வா.”

“ஒருத்தருக்கும்?”

துரைசாமி சொல்லட்டும் என்று நான் காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. “ஒருத்தருக்கும் இல்லம்மா” என்று நானே சொல்லிவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் யாரும் கொடுக்காத வார்த்தையை நான் லைனில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். “நானும் கேக்கறதாலதான் குரல் எறங்குதா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தன் கருவியைக் கழற்றி, அதன் செருகியைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டார். நானும் என் சாவியைத் திருப்பிக் காதை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே புகுந்து சொல்ல வேண்டும், அதையும் சொல்லவில்லை. சாத்திய அறைக்குள் மூன்று பேரும் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தோம். ஆமாம், போஸ்ட்மாஸ்டர்கூட. மேலதிகாரி முன்னால் அவர் மூலையில் கிடந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். தட்டு விழுந்து பேச்சு முடிந்ததைச் சொன்னபோதுதான் எழுந்தார்.

அதிகாரி கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். “லைன் சரியில்ல” என்று மட்டும் சொன்னார். என்னிடம் சொன்னாரா, போஸ்ட்மாஸ்டரிடமா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. மேலே போய் என்ன சொன்னாரோ. துரைசாமியைத் தேடி யாரும் வரவில்லை. அந்த மனிதர் இரக்கப்பட்டாரா, இல்லை இதில் சரக்கில்லை என்று அலுத்துப் போனாரா? நல்லவர் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் காலையில் ‘சர்க்கார்தான் கேக்குது, சொல்லு’ என்றவரும் அவர்தானே.

மறுநாள் போஸ்ட்மாஸ்டர் வந்து வாசலில் நின்றார். “ராஜேஸ்வரி, இனிமே எல்லாக் காலுக்கும் ஜன்னல சாத்திடு. ஒருத்தருக்கு மட்டும் சாத்தினாத்தானே தெரியறது.”

“இது மேலேருந்து சொல்லப்பட்டிருக்கா சார்?”

“இல்ல. நான் சொல்றேன்” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான். அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஊர் என்னைச் சும்மா விடவில்லை. “எக்சேஞ்சம்மாக்கு ராங்கி வந்துடுச்சு” என்றார்கள். “சாத்திட்டா எங்களுக்கு ஊர்ச் சேதி எப்டிமா தெரியும்?” என்று முதலியார் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

வேதவல்லி திரும்பி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். அண்ணிக்குத் துணைக்குப் போய் உழைத்து இளைத்துவிட்டாள் என்றது ஊர். சில மாதத்தில் கடையில் வந்து உட்கார ஆரம்பித்தார். போன் மணி அடித்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாராம், தொட மாட்டாராம்.

முதல் தடவை நான் தலைவலி மாத்திரைக்குப் போனபோது கல்லாவில் அவர்தான் இருந்தார். வாயைத் திறக்கப் போனவள் அப்படியே மூடிக்கொண்டேன். என் முகம் அவருக்குத் தெரியாது. குரல் தெரியும். மெட்ராஸ், திண்டிவனம், செஞ்சி என்று மூன்று இடத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும் லைன் அது. அன்று பேசியது எந்த ஊர்க்காரியோ என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். இதோ எதிரில் நிற்பவள்தான் என்று தெரிந்தால், ‘ஒருத்தருக்கும் தெரியாது’ என்றது பொய்யாகிவிடுமே. ஒரு தாளில் மாத்திரைப் பெயரை எழுதி நீட்டினேன். “இது மட்டும் போதுமா?” என்றார். தலையாட்டினேன். வருஷக்கணக்கில் அந்தக் கடையில் நான் அப்படித்தான். ஊருக்கெல்லாம் வாயாக இருந்தவள் அங்கே மட்டும் ஊமை. துரைசாமி அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பார்.

செஞ்சிக்கு வந்து பத்து வருஷம் முடிகிற சமயத்தில் எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது வேதவல்லி வேகமாக வந்தார். கையில் ஒரு மாத்திரைப் பொட்டலம்.

“பஸ்ல தலைவலி வந்துடும் உங்களுக்கு. வச்சுக்குங்க.”

வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். அவர் போகவில்லை.

“கடைக்கு வரவங்க எல்லாரும் என்கிட்ட பேசுவாங்க. நீங்க மட்டும்தான் சீட்ட நீட்டிட்டு நிப்பீங்க. அதான், அன்னிக்குப் பேசுனது நீங்கன்னு தெரிஞ்சுக்குனேன். ரொம்ப வருஷமாவே தெரியும்” என்றார்.

ஜன்னலைச் சாத்தினேன், அது காட்டிக்கொடுத்தது. வாயைச் சாத்தினேன், அதுவும் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரிஞ்சா பரவால்லங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு அந்த ரூம்ல உங்களத் தவிர வேற யாருனா இருந்தாங்களா?”

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்தார். சர்க்கார் ஆள் வந்து கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதுவும் ரகசியம். சொல்லாமல் மறைத்தால் இந்தப் பெண்ணை ஏமாற்றுவது. எந்த உறுதிமொழியைக் காப்பாற்றுவது என்று அந்த நிமிஷத்திலும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்தேன்.

அவர் முகத்தைப் பார்த்து நான் என் குரலில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“யாரும் இல்லம்மா” என்றேன்.